பிள்ளைகளுக்குத் தெரியாமல் தீம் பார்க் பயணம்: யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை, ஒரு ஆகஸ்ட் விடுமுறையில், "கொழும்புக்குப் பல் டொக்டரிட்டப் போறம்" என்று சொல்லி என் இரண்டு பிள்ளைகளையும் இரவு பஸ்ஸில் ஏற்றினேன். தீம் பார்க் வாசலில் கொண்டுபோய் இறக்கித் திகைக்க வைப்பது என் திட்டம். சாவகச்சேரி தாண்டும்போதே ஆறு வயதுக்காரி அழத் தொடங்கினாள். வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தியபோது சத்தி எடுத்தாள். அடுத்த நாள் காலையில் பூங்கா வாசலில் இறங்கி, உள்ளே தெரிந்த சறுக்குகளைக் காட்டி, "இஞ்ச பார், எங்க வந்திருக்கிறம் எண்டு" என்றேன். அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அம்மா, எந்தப் பல்லைப் புடுங்கப் போகினம்?"

அவளுக்கு முகம் தெளிய மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் பாதி நாள் போச்சு, பாதிக் காசும் போச்சு. அடுத்த ஏப்ரலில் திரும்பவும் போனோம். அந்த முறை ஒழுங்காக நடந்தது. இரண்டு தடவையும் கொப்பியில் குறித்து வைத்ததை இங்கே வரிசையாகத் தருகிறேன். நாங்கள் இரண்டு பெரியவர்கள், பத்து வயது மகன், ஆறு வயது மகள். உங்கள் வீட்டுக் கணக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பயணத்தைச் சொல்லுங்கள், இடத்தை மட்டும் மறையுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர் அளவு. அவ்வளவு தூரப் பயணத்தை ஒரு வீட்டில் மறைக்க முடியாது. பை கட்டுவது தெரியும், அம்மம்மா இடியப்பப் பார்சல் கட்டுவது தெரியும், படலையில் நின்று பக்கத்து வீட்டு மாமி "எங்க வெளிக்கிடுறியள்?" என்று கேட்பது ஊருக்கே கேட்கும். மறைக்கப் போனால் ஒரு பொய்க்கு ஒன்பது பொய் சொல்ல வேண்டிவரும்.

அதனால் இரண்டாம் முறை உண்மையையே சொன்னோம். "கொழும்புக்குப் போறம். வெள்ளவத்தையில நிப்பம். ஒரு நாள் வெளியில எங்கயாவது போவம்." மூன்றும் உண்மை. அந்த "எங்கயாவது" மட்டும்தான் ரகசியம். பிள்ளை அதைப் பற்றிக் குடைந்து கேட்டால் "போய்ப் பாப்பம்" என்று சொன்னால் போதும்.

டொக்டர், ஊசி, ரியூசன், சோதனை என்று பயமுறுத்தும் சாட்டு எதுவும் வேண்டாம். செத்தவீடு என்று சொல்ல நினைத்தவர்களும் இருப்பீர்கள். என் கணவர் முதலில் சொன்ன யோசனையே அதுதான். அம்மம்மா தடியெடுக்காத குறை. "வாயால அப்பிடிச் சொல்லக்கூடாது தம்பி, பலிச்சுப்போம்." சரி, அதோடு அந்தக் கதை முடிந்தது.

2. நாளைத் தெரிவு செய்தல்: 45 நாளைக்கு முன்பே தொடங்குங்கள்

பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று முறை வரும். மூன்றுக்கும் மூன்று குணம்.

ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பிலிருந்து வெளியே போகும் ரயிலும் பஸ்ஸும் நிறைந்து வழியும். நாங்கள் எதிர்த்திசையில் போவதால் போகும்போது இடம் கிடைக்கும், திரும்பும்போதுதான் இடிபடுவோம். கொழும்புப் பக்கம் அந்த மாதத்தில் பின்னேரம் இடியோடு மழை வருவது வழமை. இடி மின்னல் என்றால் நீர் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். காலையில் கதவு திறக்கும்போதே நிற்க வேண்டும்.

ஆகஸ்டில் மழைப் பயம் குறைவு. ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும் காலம் அதோடு வந்து விழும். வெளிநாட்டுச் சொந்தங்கள், கொழும்புச் சொந்தங்கள் எல்லாரும் இங்கே வரும்போது நீங்கள் அங்கே போக முடியுமா என்று வீட்டில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். உங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றத் திகதியையும் பாருங்கள். நாங்கள் ஒரு முறை பார்க்காமல் நாள் வைத்து, பூசை உபயம் எங்கள் பகுதிக்கு என்று தெரிந்த பிறகு மாற்றினோம்.

டிசம்பர் எங்கள் பக்கம் மழைக்காலம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நாட்டின் ரயில் பாதைகள் பல இடங்களில் சேதமானதைப் பார்த்தோம்தானே. டிசம்பரில் போவதென்றால் ரயிலோடு பஸ்ஸையும் மனதில் வைத்திருங்கள்.

வாரத்தில் எந்த நாள்? போயா தினத்தையும் ஞாயிறையும் விட்டுவிடுங்கள். செவ்வாய், புதன் நல்லது. வரிசையில் நிற்கும் நேரம் குறையும், பிள்ளை ஒரே சறுக்கில் நாலு தரம் ஏறலாம்.

புலமைப்பரிசில் சோதனை எழுதிய பிள்ளை இருந்தால் சோதனை முடிந்த கையோடு கூட்டிப்போங்கள். பெறுபேறு வரட்டும், பாஸ் பண்ணினால் கூட்டிப்போவோம் என்று வைத்தால் அது கூலி கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

3. எந்தப் பூங்கா

முதல் தரம் போகிறவர்களுக்கு நாட்டுக்குள் இரண்டு பெயரைச் சொல்லலாம். ஒன்று, அவிசாவளை வீதியில் ஹங்வெல்லைப் பக்கம் உள்ள லெஷர் வேர்ல்ட். சவாரிகளும் நீர் விளையாட்டும் ஒரே இடத்தில் உண்டு. கொழும்பிலிருந்து 35 கிலோமீற்றர் அளவு. மற்றது, பண்டாரகமையில் உள்ள பேர்ள் பே. அது நீர்ப்பூங்காவோடு கார்ட்டிங் ஓட்டமும் உள்ள இடம். சின்னப் பிள்ளையும் பெரிய பிள்ளையும் கலந்த வீடு என்றால் முதலாவது வசதி. கார் ஓட்டத்தில் பைத்தியமான பதின்வயதுக்காரன் இருந்தால் இரண்டாவதை யோசியுங்கள்.

400 கிலோமீற்றர் போவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்ப்பது புத்தி. பிள்ளைக்குத் தண்ணீர் பயமா, சுற்றும் ராட்டினம் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாமல் போய் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது. காரைநகர் கசூரினாக் கடற்கரை ஆழமில்லாதது. ஒரு சனிக்கிழமை அங்கே இறக்கிவிட்டுப் பாருங்கள். ஏ9 வீதியில் இயக்கச்சிப் பக்கம் உள்ள றீச்சா பண்ணையும் ஒரு பகல் போய்வர ஏற்றது. என் மகளுக்கு முகத்தில் தண்ணீர் தெறித்தால் பிடிக்காது என்பதைக் கசூரினாவில்தான் கண்டுபிடித்தோம். நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

4. ரயிலா பஸ்ஸா, எப்போது இருக்கை எடுப்பது

ரயில் இருக்கைகளை 30 நாளுக்கு முன் திறப்பார்கள். விடுமுறைக் காலத்தில் திறந்த அன்றே எடுக்க வேண்டும், அடுத்த நாள் பார்ப்போம் என்றால் இல்லை. புகையிரத நிலையத்திலும் எடுக்கலாம், ரயில்வேயின் இணையத்தளத்திலும் எடுக்கலாம். இணையத்தில் எடுக்கும்போது அடையாள அட்டை இலக்கம் கேட்கும். யாருடைய இலக்கத்தைக் கொடுத்தீர்களோ அவர் அந்த அட்டையோடு ரயிலில் இருக்க வேண்டும். மச்சானுடைய இலக்கத்தில் எடுத்துவிட்டு மச்சானை வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

பகல் யாழ்தேவியில் பிள்ளைகளுக்கு நேரம் போகும். ஆனையிறவு உப்பளத்தை ஜன்னலால் காட்டலாம், இரணைமடு எங்கே என்று கேட்கலாம். ஏழெட்டு மணித்தியாலம் என்பதால் பின்னேரத்தில் முரண்டு பிடிப்பார்கள். இரவு ரயிலில் போனால் ஒரு அறை வாடகை மிச்சம். ஆனால் இரவு வந்து இறங்கிய அதே நாளில் பூங்காவுக்குப் போகாதீர்கள். நாங்கள் முதல் முறை செய்தது அதைத்தான். தூக்கமில்லாத பிள்ளைக்கு உலகத்தில் எந்தச் சறுக்கும் பிடிக்காது. ஒரு இரவு வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ தங்குங்கள். தமிழ்ச் சாப்பாட்டுக் கடை காலடியில் இருக்கும். சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் எட்டாவது விடயத்தை ஒருக்கால் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

பஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. போன் எடுத்து "நாலு சீற் வையுங்கோ" என்று சொன்னால் அது பதிவு ஆகாது. எங்களுக்கு ஒரு கம்பனியில் அப்படிச் சொல்லி, "ஓம் ஓம்" என்றார்கள். இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால் பட்டியலில் பெயர் இல்லை. கடைசி வரிசையில் இரண்டு இருக்கையில் நாலு பேர் இருந்து போனோம். காசு கட்டி, இருக்கை எண் எழுதிய துண்டையோ குறுஞ்செய்தியையோ கையில் வாங்கிய பிறகுதான் பதிவு.

கொழும்பிலிருந்து பூங்காவுக்குப் போக, புறக்கோட்டையிலிருந்து அவிசாவளைக்கு ஓடும் 122 பஸ் இருக்கிறது. மலிவு. ஆனால் ஈரத் துவாய், ஈர உடுப்பு, தூங்கி வழியும் பிள்ளை இவ்வளவோடும் பின்னேரம் அதில் திரும்புவது கஷ்டம். போக பஸ், வர வான் என்று கூடச் செய்யலாம். வான் பிடிப்பதென்றால் காத்து நிற்கும் கூலியையும் சேர்த்து முதலே பேசுங்கள்.

5. உயரமும் உடுப்பும்: வாசலில் மாட்டுப்படும் இடம்

பூங்காக்களில் பெரும்பாலும் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு சவாரிக்கும் பக்கத்தில் ஒரு அளவுக்கோல் நட்டிருக்கும். கட்டணத்தையும் பல இடங்களில் உயரத்தை வைத்தே பிரிப்பார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அளப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். முதல் முறை என் மகள் ஒரு சவாரிக்கு இரண்டு விரற்கடை கட்டை. அண்ணன் ஏறிப் போக, இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முன்கூட்டியே அளக்க வேண்டும், ஆனால் ஏன் அளக்கிறோம் என்று தெரியக் கூடாது. எங்கள் வீட்டில் அறைக் கதவு நிலையில் பென்சில் கோடு போடும் பழக்கம் இருந்ததால் பிரச்சினை இல்லை. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் தையல்காரரைப் பாவியுங்கள். பள்ளிச் சீருடை தைக்க அளவெடுக்கும்போது உயரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள், எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வராது. அளவு தெரிந்ததும் பூங்காவுக்குப் போன் எடுத்து, இந்த உயரப் பிள்ளை எவற்றில் ஏறலாம் என்று கேட்டுப் பெயர்களை எழுதிவையுங்கள்.

உடுப்பு இன்னொரு பொறி. நீர்ப்பகுதியில் பருத்தி உடுப்போடு இறங்க விடமாட்டார்கள். டீசேட், ஜீன்ஸ், சல்வார் எதுவும் சரிவராது. நைலோன் அல்லது லைக்ரா வேண்டும், தண்ணீரை உறிஞ்சாத துணி. வாசலில் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம், ஆனால் நாலு பேருக்கு அங்கே கொடுத்த காசை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். பெண்களுக்கு முழுக்கை மேலுடுப்பும் லெகின்ஸும் லைக்ராவில் கிடைக்கின்றன. கூச்சப்பட்டுக்கொண்டு கரையில் இருக்கத் தேவையில்லை. யாழ் நகரில் விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகளில் பத்து நாள் முன்பே வாங்கி ஒளித்துவையுங்கள். எங்கள் ஒளிப்பிடம் அம்மம்மாவின் கூறைச்சீலைப் பெட்டி. அதைத் திறக்கும் தைரியம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

6. ஆவணங்கள்

நாட்டுக்குள் போவதென்றால் சின்னப் பட்டியல்தான். பெரியவர்கள் இருவரின் அடையாள அட்டை (அறை எடுக்கவும் கேட்பார்கள்), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் போட்டோகொப்பி, ரயில் டிக்கெட், அறைப் பதிவு, பிள்ளைக்கு இழுப்பு போன்ற வருத்தம் இருந்தால் மருந்துத் துண்டு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீர்ப்பூங்காவுக்குள் கொண்டுபோகாமல் அறையிலேயே விடுங்கள். ஒரு அடையாள அட்டை மட்டும் கையில் இருந்தால் போதும்.

சென்னைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இருக்கிறது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் தொடங்கினார்கள். அப்படியென்றால் வேலை இரட்டிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி விசா. கடவுச்சீட்டுப் படம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும், பிள்ளையை நேரே கொண்டுபோகாமல் முடியாது. "பள்ளிக்கூடத்துக்குப் படம் வேணும்" என்று சொல்லலாம். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அங்கேயே பிடித்துவிடும். தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கே ஒரு மாதம் ஒதுக்குங்கள். 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்ததால் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ அலையும் செலவு மிச்சம்.

இந்திய மின்விசாவுக்குக் கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது நாலு நாள் முன் விண்ணப்பிக்க வேண்டும், நான் இரண்டு கிழமை என்று சொல்வேன். தேடினால் அரச தளம் மாதிரியே தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் முதலில் வரும், இரண்டு மூன்று மடங்கு காசு எடுப்பார்கள். உண்மையான தளத்தின் முகவரி "ஜிஓவி டொட் ஐஎன்" என்று முடியும். அதைப் பார்க்காமல் காட் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

7. செலவு எங்கே போகிறது

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. பங்குக் கணக்கு அவ்வளவு மாறுவதில்லை. எங்கள் இரண்டாவது பயணத்தில் மொத்தச் செலவை 100 ரூபா என்று வைத்தால், போக்குவரத்துக்கு 45, அறைக்கு 20, பூங்காவுக்கு 20, சாப்பாட்டுக்கு 10, மிச்சச் சில்லறைக்கு 5. நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு "ஆ, இவ்வளவுதானா" என்று திட்டம் போடுபவர்கள் இதைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்குப் பூங்கா அல்ல, பாதைதான் செலவு.

பூங்காவுக்குப் போன் எடுக்கும்போது இதைக் கேளுங்கள்: நுழைவுக் கட்டணத்துக்குள் எல்லாச் சவாரியும் அடக்கமா, ஒவ்வொன்றுக்கும் தனியா? நீர்ப்பகுதி வேறு கட்டணமா? மிதவை வளையம், லொக்கர், அதற்கு வைப்புப் பணம் எவ்வளவு? வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாமா? இந்த நாலாவது கேள்வியைக் கேட்காமல் நான் முதல் முறை கட்டிக்கொண்டு போன இருபது ரோல்ஸும் வாசல் காவலாளிக்கும் வான் சாரதிக்கும் போய்ச் சேர்ந்தன. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதில் குறை இல்லை.

8. ரகசியம் கசியும் ஓட்டைகள்

முதல் ஓட்டை உங்கள் போன். பிள்ளை கேம் விளையாடும் அதே போனுக்கு ரயில் பதிவுக் குறுஞ்செய்தி வரும். நீங்கள் சறுக்கு வீடியோ ஒன்று பார்த்தால் போதும், அடுத்த கார்ட்டூனுக்குக் கீழே அதே மாதிரிப் பத்து வந்து வரிசையாக நிற்கும். பதிவு, தேடல் எல்லாவற்றையும் பிள்ளை தொடாத ஒரு போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓட்டை சொந்தக்காரர். வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கினால், கதவைத் திறந்த உடனே "என்ன, தண்ணிப் பார்க்குக்கு ரெடியோ?" என்று கேட்பார். முதலே சொல்லி வைத்தாலும் கேட்பார். குடும்ப வட்ஸ்அப் குழுவில் திட்டத்தைப் போடவே வேண்டாம். அங்கே வரும் குரல் செய்தியை யாராவது சத்தமாகப் போடுவார்கள்.

மூன்றாவது, மூத்த பிள்ளை. பத்து வயதுக்கு மேல் என்றால் ஒளிக்காதீர்கள், கூட்டாளியாக்குங்கள். என் மகனுக்குப் பத்து நாள் முன்பே சொல்லி, "தங்கச்சிக்கு நீதான் செய்ய வேணும்" என்று பொறுப்பைக் கொடுத்தோம். சவாரிப் பட்டியலை அவனே எழுதினான். அவளுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவதில் அவனுக்கு இருந்த சந்தோசம், பூங்காவில்கூட அவ்வளவு இருந்ததா தெரியாது.

9. எப்போது, எப்படிச் சொல்வது

நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அன்று காலை சொன்னால் போதும். ஆறிலிருந்து ஒன்பது வரை முதல் நாள் பின்னேரம். இரவு கொஞ்சம் தூங்கமாட்டார்கள், பரவாயில்லை. அந்த ஒரு இரவு ஆவலில்தான் பாதிச் சந்தோசம் இருக்கிறது. வாசல்வரை ஒன்றுமே சொல்லாமல் கொண்டுபோவது சினிமாவுக்கு நல்லது. சின்னப் பிள்ளைக்குப் புது இடம், கூட்டம், சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் மிரளும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.

விதங்கள் பல. நாங்கள் செய்தது கச்சான் சரை. வெள்ளைக் கடதாசியில் பெரிய எழுத்தில் சேதியை மகன் எழுதினான். அதைச் சரையாகச் சுற்றிக்கொண்டு, காலி முகத்திடலில் கச்சான் விற்பவரிடம் போய், "ஐயா, இதுக்குள்ள போட்டுத் தாங்கோ" என்றான். அவர் ஒரு பிடி கூடப் போட்டுச் சிரித்தார். மகள் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றாள். நாங்கள் மூவரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசிக் கச்சான் முடிந்ததும் கடதாசியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தாள்! அண்ணன் ஓடிப்போய்ப் பறித்து, விரித்து, மடியில் வைத்துத் தேய்த்துக் கொடுத்தான். அவள் அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தாள். "நா…ளை…க்கு…" என்று விரலை வைத்துக்கொண்டு போனாள். "சறுக்கு" என்ற சொல்லில் றகரத்தில் கொஞ்சம் தடக்கினாள். பிறகு இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பல்லு இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் குதிக்கத் தொடங்கினாள்.

ஆக, கடதாசியின் வெளிப்பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள். குப்பைக்குப் போகாது.

வீட்டிலேயே சொல்வதென்றால் புட்டுக்குழல் நல்ல இடம். காலையில் புட்டுத் தள்ளும்போது வெறும் குழலை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, "இதை ஒருக்கால் தள்ளிவிடு" என்று சொல்லுங்கள். புட்டுக்குப் பதிலாகச் சுருட்டிய நீச்சலுடுப்பு வந்து கோப்பையில் விழும். (அடுப்பில் இருந்த குழலை எடுக்காதீர்கள், ஆறிய குழல் வேண்டும்.) என் தங்கை இதைச் செய்தாள். அவளுடைய மகன் அன்றைக்குப் புட்டே சாப்பிடவில்லை.

பள்ளிக்கூட நேரசூசியை மாற்றி எழுதுவது எழுத்து வாசிக்கும் பிள்ளைக்கு ஏற்றது. கணிதம், தமிழ், சமயம் என்று வழமைபோல எழுதிக்கொண்டு வந்து, விடுமுறைப் புதன்கிழமைக்கு நேரே "முதலாம் பாடம்: சறுக்கு. இரண்டாம் பாடம்: அலைக்குளம். இடைவேளை: ஐஸ்கிரீம்" என்று போட்டு மேசைக்கு மேலே ஒட்டுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். எத்தனை நாளில் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள்.

அம்மம்மா, அப்பம்மா இருக்கும் வீட்டில் பனையோலைப் பெட்டி அழகாக இருக்கும். உள்ளே ஒரு நறுக்கோலையில் ஊசியால் கீறி எழுதி, மஞ்சள் தடவினால் எழுத்துத் தெளிவாகத் தெரியும். "உனக்கு ஓலை வந்திருக்கு" என்று பாட்டி கொடுக்கும்போது பிள்ளைக்கு அது வேறு உலகம். குருத்தோலையாக எடுங்கள், முற்றினது வெடிக்கும்.

வெளிநாட்டு மாமா வீடியோவில் வந்து சொல்வது இப்போது பல வீடுகளில் நடக்கிறது, காசு அனுப்பியவருக்கும் மனம் நிறையும். நேரத்தை மட்டும் பாருங்கள். ரொறன்ரோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், லண்டன் நாலரை. நமக்கு இரவு ஏழு என்றால் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. இரவு ஏழுதான் இரண்டு பக்கமும் வசதி. பிள்ளைக்கு நித்திரை வருவதற்குள் முடித்துவிடலாம்.

10. அன்றைய நாள்

ஒரே நிறத்தில், எடுப்பான நிறத்தில் மேலுடுப்புப் போடுங்கள். எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் வரும், அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். காணாமல் போனால் தன் பெயரைச் சொல்லவே பிள்ளை திணறும். அழியாத மையால் உள்முழங்கையில் உங்கள் போன் இலக்கத்தை எழுதுங்கள். "மகே அம்மா நே" என்ற மூன்று சொல்லை விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள், "என் அம்மாவைக் காணேல்லை" என்பது அவர்களுக்குப் புரியும். உள்ளே போனதும் ஒரு இடத்தைக் காட்டி, "தொலைஞ்சா இஞ்ச வந்து நில்" என்று சொல்லிவையுங்கள்.

காலையில் முதலில் சவாரிகள், வெயில் ஏறியதும் தண்ணீர். சாப்பிட்ட உடனே சுற்றும் சவாரி வேண்டாம், சத்தி வரும். ஜீவனிப் பக்கெற் இரண்டு, பிளாஸ்டர், வாந்திக் குளிசை, மாற்றுடுப்பு, வெறும் பொலித்தீன் பை நாலு. அவசரம் என்றால் 1990 இலவச அம்புலன்ஸ்.

படம் எடுப்பதை முதல் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போனை லொக்கரில் போடுங்கள். என் கணவர் போட மறுத்தார். அலைக்குளத்தில் விழுந்த அந்தப் போனை அரிசி வாளிக்குள் மூன்று நாள் வைத்தும் பலனில்லை.

11. திரும்பி வருதல்

இருக்கை எடுக்கும்போது திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள், போகும் டிக்கெட்டை இரண்டாவதாக. போவதற்கு எப்படியும் ஒரு வழி இருக்கும். விடுமுறை முடியும் ஞாயிறு இரவு யாழ்ப்பாணத்துக்கு ஒரு வழியும் இருக்காது. பூங்கா நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடையில் ஒரு இரவு விடுங்கள், பூங்காவிலிருந்து நேரே ஸ்டேஷனுக்கு ஓடினால் அவிசாவளை வீதி நெரிசலில் மாட்டுவீர்கள். ஈர உடுப்பை அறையில் பிழிந்து காயவிட்ட பிறகு பையில் வையுங்கள். வீடு வந்து பையைத் திறக்கும்போது மணக்கும் மணம் சாதாரணமானது அல்ல.

பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு நாள் தவறினால் வகுப்பாசிரியருக்கு லீவுக் கடிதம் கொடுக்க வேண்டும். "தவிர்க்க முடியாத குடும்பக் காரணம்" என்று எழுத வேண்டாம். நான் எழுதினேன். கடிதம் ரீச்சர் கைக்குப் போவதற்கு முன்பே மகள் முழு வகுப்புக்கும் அலைக்குளத்தை நடித்துக் காட்டியிருந்தாள்.